லாரி லைட்டுல தெரிஞ்ச மீன்: எங்க கார் கண்ணாடி மங்கலான கதையும் அதை சரி பண்ணின கதையும்

தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி, ராத்திரி ஒன்பதரை மணிக்கு மேடவாக்கத்துல இருந்து விழுப்புரம் கெளம்பினோம். நான், வீட்டம்மா, ஆறு வயசுப் பையன், பின் சீட்டுல மாமனார். பரனூர் டோல்கேட் வரைக்கும் ஒண்ணும் தெரியல, ரோடு முழுக்க ஊருக்குப் போற கூட்டம், எல்லாம் ஊர்ந்துட்டு இருந்துச்சு. மதுராந்தகம் தாண்டி ரோடு கொஞ்சம் காலியாகி இருட்டானப்புறம்தான் ஆரம்பிச்சுது. நடுவுல அரளிச்செடி இருக்கற வரைக்கும் ஓகே, செடி இல்லாத எடத்துல எதிர்ல வர்ற லாரியோட லைட்டு அடிச்சா போதும், முன் கண்ணாடி முழுக்க பால் ஊத்தின மாதிரி வெள்ளையா ஆயிடும், ரெண்டு செகண்டுக்கு ரோடே இருக்காது. லாரி போனதும் எல்லாம் பழையபடி. அடுத்த லாரி, திரும்ப பால்.

வைப்பர் போட்டேன், தண்ணி அடிச்சேன், ஒரு மாத்தமும் இல்ல. பின்னாடி இருந்து மாமா, "மாப்ள, கண்ணுல பொறை ஏதாவது விழுந்திருக்கப் போகுது, ஊர்ல நல்ல டாக்டர் இருக்காரு, காட்டிடுங்க"ன்னாரு. எனக்கு நாப்பத்தி ஒண்ணு. உள்ளுக்குள்ள லைட்டா பயம்தான்.

டீக்கடை ஒண்ணு வந்துச்சு, நிறுத்தினேன். டியூப்லைட் வெளிச்சத்துல கண்ணாடிய முன்னாடி நின்னு பாத்தேன், பளபளன்னு இருக்கு, ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்புறம் வீட்டம்மாவ ஓட்டச் சொன்னேன், ரெண்டு கிலோமீட்டர்ல அவளும் "ஏங்க, ஒண்ணுமே தெரியலையே"ன்னா. அப்ப என் கண்ணு தப்பிச்சுது. கண்ணாடிதான் குற்றவாளி, ஆனா எந்தப் பக்கம்?

அதுக்கு பதில் சொன்னது பையன். நாங்க டீ குடிக்கற நேரத்துல அவன் முன் சீட்டுக்குத் தாவி, இடது பக்கம் டாஷ்போர்டு ஒட்டி, உள்பக்கக் கண்ணாடில விரலால ஒரு மீன் வரைஞ்சு வெச்சிருக்கான். டீக்கடைல அது கண்ணுல படவே இல்ல. அடுத்த லாரி வந்தப்ப கண்ணாடி முழுக்க வெள்ளையாச்சு, அதுக்கு நடுவுல இந்த மீன் மட்டும் கருப்பா, தெளிவா, அது வழியா ரோட்டோரத்து வெள்ளைக்கோடு கூட தெரியுது. விரல் போன எடம் மட்டும் சுத்தம், மிச்சமெல்லாம் படலம். வைப்பர் எவ்வளவு ஓடினாலும் மாறாததுக்குக் காரணம் அதான், அழுக்கு வைப்பர் ஓடற வெளிப்பக்கத்துலயே இல்ல.

கண்டுபிடிச்ச சந்தோஷத்துல ஓரமா நிறுத்தி கர்ச்சீப் எடுத்து ஒரு தேய்ப்பு தேய்ச்சேன். அதுதான் அன்னிக்குப் பண்ணின பெரிய முட்டாள்தனம். ஒரே சீரா இருந்த மங்கல் இப்ப வட்ட வட்டமா வரி வரியா ஆச்சு, ஒவ்வொரு லைட்டும் அந்த வரில பட்டு சூரியன் மாதிரி கதிர் விட ஆரம்பிச்சுது. இடது லேன்ல அறுபதுல உருட்டிக்கிட்டே விழுப்புரம் போய்ச் சேந்தப்ப மணி ஒண்ணு.

இங்க ஒரு விஷயம் சொல்லிடறேன், ஏன்னா எனக்கே அப்புறமாத்தான் புரிஞ்சுது. கார் கண்ணாடி எவ்வளவு வெளிச்சத்த உள்ள விடணும்னு சட்டத்துலயே கணக்கு இருக்கு, முன்னாடியும் பின்னாடியும் 70 சதவீதம், பக்கவாட்டுல 50. சன் ஃபிலிம் பிரச்சனை 2012-ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனப்ப எல்லாரும் மனப்பாடம் பண்ணின நம்பர்தான். எங்க கண்ணாடி அந்தக் கணக்குல சுலபமா பாஸ் ஆகும். ஏன்னா இந்த மாதிரி படலம் வெளிச்சத்த பெருசா குறைக்கறதில்ல, சிதற அடிக்குது. பகல்ல நாலாபக்கமும் வெளிச்சம் இருக்கறதால அந்தச் சிதறல் நம்ம கண்ணுல படாது. ராத்திரி இருட்டுல ஒரே ஒரு லைட்டு நேரா அடிக்கும்போது, அது சிதறி கண்ணாடி பூரா பரவி, பின்னாடி இருக்கற மங்கலான ரோட்ட மூடிடுது. அதனாலதான் டீக்கடைல பளபளன்னு தெரிஞ்சது.

காலைல மாமா களத்துல இறங்கினாரு. அவர் வைத்தியம் பழைய பேப்பர். "உங்களுக்கெல்லாம் எல்லாத்துக்கும் ஸ்பிரே வேணும், நாங்க அம்பாசடர் காலத்துல இருந்து இதுலதான் தொடைக்கிறோம்"னு பேப்பர கசக்கி, கிணத்துத் தண்ணில நனைச்சு, நல்லா அழுத்தித் தேய்ச்சாரு. பொய் சொல்லக்கூடாது, பாதிக்குப் பாதி போச்சு. பேப்பர்ல நூல் பிசிறு கிடையாது, அழுத்தித் தேய்க்கலாம், எண்ணெய்ப் பசைய கொஞ்சம் உறிஞ்சவும் செய்யும். ஆனா மை இருக்கே, கண்ணாடி ஓரத்துல இருக்கற அந்த க்ரீம் கலர் பிளாஸ்டிக்ல அவர் விரல் அஞ்சும் கருப்பா பதிஞ்சு, இன்னைக்கும் ஒரு விரல் மிச்சம் இருக்கு. கிணத்துத் தண்ணி காஞ்சதும் வெள்ளைத் திட்டு வேற.

அந்தத் திட்ட எடுக்க நான் டாஷ்போர்டுல கொரோனா காலத்துல இருந்து கெடந்த சானிடைசர எடுத்தேன், ஆல்கஹால்தானே, எண்ணெய எடுத்துடும்னு கணக்கு. ஆல்கஹால் சரிதான். ஆனா கை காயக்கூடாதுன்னு அதுல கிளிசரின் கலக்கறாங்க, உலக சுகாதார நிறுவனம் குடுத்த ஃபார்முலாலயே 1.45 சதவீதம் கிளிசரால் இருக்கு, ஜெல் டைப்புன்னா கெட்டியாக்கற பொருளும் சேரும். ஆல்கஹால் பறந்து போச்சு, கிளிசரின் கண்ணாடிலயே தங்கிடுச்சு. ஒரு படலத்த எடுக்கப் போய் இன்னொரு படலம் பூசினதுதான் மிச்சம். சென்னைக்கு பகல்லயே திரும்பிட்டோம்.

திரும்பினப்புறம் உக்காந்து யோசிச்சேன், ஒரு மாசம் முன்னாடி வரைக்கும் ராத்திரி ஓட்டும்போது இப்படி இல்லையே, நடுவுல என்ன மாறிச்சு?

ஆயுத பூஜை. அதுக்கு முந்தின நாள் வாட்டர் வாஷ் விட்டேன், உள்ள வேக்குவம் போட்டு டாஷ்போர்டுக்கு பாலிஷ் அடிச்சுக் குடுத்தாங்க, மொகம் பாக்கற அளவுக்கு மினுமினுப்பு. நானும் கூட அம்பது ரூவா குடுத்துட்டு வந்தேன். மறுநாள் பூஜைல அம்மா காருக்குள்ளயே சாம்பிராணி காமிச்சு, ஊதுவத்தி கொளுத்தி ஏசி வென்ட்டுக்குப் பக்கத்துல சொருகிட்டாங்க. அதுக்கப்புறம் கிட்டத்தட்ட மூணு வாரம் கார் ஆபீஸ்ல கூரை இல்லாத பார்க்கிங்ல வெயில்ல நின்னுச்சு, சாயங்காலம் மழைன்னு ஜன்னலே தெறக்கல, உள்காத்தே சுத்தற மோட்லயே ஏசி.

டாஷ்போர்டு மெத்துன்னு இருக்கறதுக்காக அந்த பிளாஸ்டிக்ல மெதுவாக்கற எண்ணெய் மாதிரி ஒரு பொருள் சேப்பாங்க, பிளாஸ்டிசைசர்னு பேரு. வெயில்ல கார் அடுப்பு மாதிரி ஆகும்போது அது கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகி, பக்கத்துல என்ன இருக்கோ அதுல போய் ஒட்டும். சரிவா நிக்கற முன் கண்ணாடிதான் நேர் மேல இருக்கு. புது கார்ல வர்ற அந்த வாசனை இருக்கு பாருங்க, அதுல இதுவும் கலந்ததுதான். இது எல்லா கார்லயும் மெதுவா நடக்கறது. எங்க கேஸ்ல அதுக்கு மேல பளபளப்புக்கு பாலிஷ் பூசி, அதுக்கு மேல ஊதுவத்திப் புகைய ஒட்ட வெச்சு, ஜன்னல மூடி மூணு வாரம் வேக வெச்சிருக்கோம்.

சரி, காரணம் ஓரளவு தெரிஞ்சுது, எடுக்கறது எப்படி? இந்த தடவை அவசரப்படல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம், நிழல்ல, கண்ணாடி தொட்டா சில்லுன்னு இருக்கற நேரமா பாத்து, உள்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டி நாலு கட்டம் பிரிச்சேன். வீட்டம்மா மேல இருந்து பாத்துட்டு, "பரிட்சையா எழுதறீங்க"ன்னா.

முதல் கட்டம், வீட்டு போர் தண்ணியும் பழைய பனியன் துணியும். ரெண்டாவது, கடைல வாங்கின நீலக் கலர் கிளாஸ் கிளீனர், அதே துணி. மூணாவது, அதே கிளீனர், ஆனா மைக்ரோஃபைபர்ங்கற ரொம்ப மெல்லிசான இழைத் துணி. நாலாவது, ஐபிஏவும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, மைக்ரோஃபைபர் ரெண்டு, ஒண்ணு ஈரம் ஒண்ணு காய்ஞ்சது. ஐபிஏ-ங்கறது ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், செல்போன் சர்வீஸ் கடைல போர்டு கழுவுவாங்களே அதான், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள்ல பாட்டில்ல கெடைக்கும். டிஸ்டில்டு வாட்டர் பேட்டரிக்கு ஊத்தறதுதான், பெட்ரோல் பங்க்லயே கேக்கலாம்.

இருட்டினதும் வீட்டம்மாவோட ஸ்கூட்டிய பார்க்கிங்ல காருக்கு எதிர்ல நிறுத்தி ஹெட்லைட் போட்டு உள்ள உக்காந்து பாத்தேன். முதல் கட்டம் படுமோசம், தொடைக்கறதுக்கு முன்னாடி இருந்தத விட மோசம். ரெண்டாவதுல வில்லு வில்லா கோடு. மூணாவது பரவால்ல. நாலாவது கட்டத்துல கண்ணாடி இருக்கறதே தெரியல. அதே லிக்விட் இருந்தும் ரெண்டுக்கும் மூணுக்கும் அவ்வளவு வித்தியாசம் வந்ததுதான் எனக்கு இதுல பெரிய அதிர்ச்சி. அப்ப நான் இத்தன வருஷமா மாத்தி மாத்தி வாங்கினது பூரா பாட்டில், மாத்த வேண்டியது துணி.

பனியன் துணில என்ன கோளாறுன்னா, அது வீட்டு வாஷிங் மெஷின்ல துவைச்சது, கடைசி ரவுண்டுல வாசனைக்கு கம்ஃபர்ட் ஊத்தறோம்ல, அந்த மாதிரி சாஃப்ட்னர் எல்லாமே துணி மேல ஒரு வழுவழு பூச்சா தங்கறதுக்குன்னே செஞ்சது. அதால கண்ணாடிய தொடைச்சா அந்தப் பூச்சு கண்ணாடிக்கு வரும். மைக்ரோஃபைபரையும் அதே மெஷின்ல அதே கம்ஃபர்ட்ல போட்டா அதோட கதையும் முடிஞ்சுது, நூலிழையோட இடுக்கு அடைச்சுக்கும். நான் இப்ப கண்ணாடித் துணி நாலு தனியா வெச்சு, கையால கொஞ்சூண்டு லிக்விட் சோப்புல அலசி நிழல்ல காயப் போடறேன், டாஷ்போர்டு தொடைச்ச துணி அது பக்கத்துலயே வரக்கூடாது.

தண்ணிக் கதையும் சொல்லணும். தண்ணில கரைஞ்சிருக்கற உப்ப லிட்டருக்கு இத்தன மில்லிகிராம்னு காட்டற டிடிஎஸ் மீட்டர்னு பேனா சைஸ்ல ஒண்ணு விக்குது, வாங்கி விட்டுப் பாத்தேன். எங்க போர் தண்ணி 1,180. கேன் தண்ணி 64. டிஸ்டில்டு 2. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயத்துல 500 வரைக்கும் சரி, வேற தண்ணியே இல்லன்னா 2,000 வரைக்கும் போலாம்னு இருக்கு, அந்தக் கணக்குல எங்க தண்ணி ஒண்ணும் உலக மகா மோசம் இல்ல. ஆனா 1,180-ன்னா லிட்டருக்கு ஒண்ணே கால் கிராம் கிட்ட உப்பு. கார் கழுவினப்புறம் கண்ணாடிகள்ல அம்பது மில்லி தண்ணி தங்கி அப்படியே காயுதுன்னு வைங்க, கிட்டத்தட்ட 60 மில்லிகிராம் உப்பு அங்கயே உக்காரும், ரெண்டு மூணு அரிசி எடை. அத மாவா அரைச்சு கண்ணாடில தூவினா எப்படி இருக்கும்? அதத்தான் தெனமும் காலைல தூவிட்டு இருந்தோம்.

எங்க அபார்ட்மென்ட்ல காலைல கார் தொடைக்கற அண்ணன் ஒருத்தர் வருவாரு, ஒரே பக்கெட்டுல பதினோரு கார், நம்மது எட்டாவது. அவர்ட்ட சங்கடமா சொன்னேன், "அண்ணே, நாளைலேர்ந்து கண்ணாடிய மட்டும் விட்ருங்க, நானே பாத்துக்கறேன்." அவரு சிரிச்சுட்டே, "சார், ஒரு பக்கெட்டு தண்ணி மாத்தணும்னா நான் கீழ போய் மேல வரணும், நீங்க வேணா ஒரு பைப் போடச் சொல்லுங்க அசோசியேஷன்ல"ன்னாரு. நியாயமான பேச்சு. பைப் இன்னும் வரல.

அப்புறம் முழு கண்ணாடியும் போட்டேன். படலம் தடிமனா இருந்ததால நேரா ஐபிஏ போடாம, முதல்ல அரை லிட்டர் டிஸ்டில்டு தண்ணில பாத்திரம் கழுவற லிக்விட் ரெண்டே சொட்டு விட்டு, துணிய நல்லா பிழிஞ்சு ஒரு தடவை. அதே மாதிரி வெறும் தண்ணில பிழிஞ்ச துணியால ரெண்டு தடவை, சோப்பு மிச்சம் இருந்தா அதுவே கோடா மாறும். அப்புறம்தான் ஐபிஏ கலவை. ஸ்பிரேய கண்ணாடில அடிக்கக் கூடாது, துணில அடிக்கணும், இல்லன்னா டாஷ்போர்டுலயும் மிரர் பக்கத்துல இருக்கற சென்சார்லயும் வழியும், ஆல்கஹால் சில பிளாஸ்டிக்க வெளுக்க வெச்சிடும், அதனால டாஷ்போர்டு மேல பழைய துண்டு ஒண்ணு விரிச்சேன். கதவு நாலும் தெறந்து வெச்சேன், அது பெட்ரோல் மாதிரி தீப்பிடிக்கற சமாச்சாரம், பக்கத்துல விளக்கு, சிகரெட் ஆகாது. ஒரு முழம் அகலத்துக்கு மேல ஒரே நேரத்துல நனைக்கக் கூடாது, நம்ம ஊர் சூட்டுல சீக்கிரமே பறந்துடும். ஈரத்துணி அழுக்க கரைச்சுத் தூக்கும், ஆனா அது காயறதுக்குள்ள காய்ஞ்ச துணி வந்து எடுத்துக்கலைன்னா கரைஞ்சது அதே எடத்துல திரும்ப உக்காந்துக்கும், அதுக்குப் பேருதான் கோடு. காய்ஞ்ச துணிய நாலா மடிச்சா எட்டு முகம் கெடைக்கும், ஒரு முகம் ஈரமானதும் அடுத்ததுக்குப் போயிடணும். முன் கண்ணாடிக்கு மட்டும் எனக்கு ரெண்டு துணி எட்டு முகமும் தீந்துச்சு, கடைசி முகத்துல கூட லேசா சாம்பல் கலர்.

உள்பக்கம் இடமிருந்து வலம் மட்டும், வெளிப்பக்கம் மேலிருந்து கீழ மட்டும் தொடைச்சா, கோடு தெரிஞ்சா அது எந்தப் பக்கம்னு உடனே சொல்லிடலாம். வட்டமா தேய்க்கற பழக்கம் கைல இருந்து போக எனக்கு ஒரு வாரம் ஆச்சு. பக்கக் கண்ணாடிய ரெண்டு விரல் அளவு இறக்கிட்டு மேல் விளிம்ப தொடைக்கணும், ரப்பருக்குள்ள ஒளிஞ்சிருக்கற அழுக்குக் கோடு அங்கதான். பின் கண்ணாடில ஹீட்டர் கம்பி மாதிரி மெல்லிசா கோடு ஓடும், அது போற திசையிலயே மெதுவா தொடைக்கணும், குறுக்க அழுத்தித் தேய்ச்சா அறுந்துடும். பழைய சன் ஃபிலிம் ஒட்டின கண்ணாடியா இருந்தா அம்மோனியா கலந்த கிளீனர் பக்கமே போகாதீங்க, ஃபிலிம் கெட்டுடும்.

முடிச்சப்புறம் சுத்தமான்னு பாக்க ஒரு சுலபமான வழி, கண்ணாடி கிட்ட போய் வாயால ஹான்னு ஊதுங்க. சுத்தமா இருந்தா மூச்சு ஒரே சீரா படிஞ்சு ஒரே சீரா மறையும். பசை மிச்சம் இருந்தா நீங்க தொடைச்ச ஒவ்வொரு கை வீச்சும் கோலம் போட்ட மாதிரி வெளிய வரும்.

வெளிப்பக்கம் வேற வியாதி. அங்க உப்பும், டீசல் புகையும், பூச்சியும், ஷாம்பூல கலந்து வர்ற மெழுகும். உப்புத் திட்டுக்கு வெள்ளை வினிகரும் டிஸ்டில்டு தண்ணியும் சரிபாதி, துணிய நனைச்சு திட்டு மேல அஞ்சு நிமிஷம் போட்டு வெச்சு, தொடைச்சு, உடனே நல்ல தண்ணி விட்டுக் கழுவிடணும், பெயின்ட் மேல நிக்க விடக்கூடாது. கால்சியம் கார்பனேட் உப்புன்னா கரைஞ்சுடும். எங்க பின் கண்ணாடில நாலஞ்சு புள்ளி அதுக்கும் அசையல, வருஷக்கணக்கா வெயில்ல வெந்து கண்ணாடியையே அரிச்சிருக்கு போல, அதுக்கு சீரியம் ஆக்சைடு பாலிஷ்னு ஒண்ணு போட்டுத் தேய்க்கணும், அது நம்ம கை வேலை இல்லன்னு விட்டுட்டேன். வைப்பர் ரப்பர ஐபிஏ நனைச்ச துணியால ஒரு இழுப்பு இழுத்தேன், துணில வந்த கருப்பப் பாத்து வீட்டம்மா அந்தத் துணிய வீட்டுக்குள்ளயே விடல.

மூணு வாரம் கழிச்சு ராத்திரி ஸ்கூட்டி லைட்டுல திரும்பப் பாத்தேன், லேசா, ரொம்ப லேசா படலம் வந்திருந்துச்சு. எதிர்பாத்ததுதான், டாஷ்போர்டு தன் வேலைய நிறுத்தப் போறதில்ல. இப்ப பாலிஷ் அடிக்க விடறதில்ல, ஈரத்துணியால தொடைச்சு விட்டா டாஷ்போர்டு மங்கலா, ஒழுங்கா இருக்கு. வெயில்ல நின்னா சன்ஷேட் போடறேன், சாயங்காலம் எடுக்கும்போது ரெண்டு நிமிஷம் ஜன்னல் தெறந்து ஓட்டறேன். ஊதுவத்திய அம்மா பானெட் மேல காமிக்க ஒத்துக்கிட்டாங்க, எலுமிச்சம்பழம் மட்டும் விட்டுக்குடுக்கல. மாசத்துக்கு ஒரு தடவை ஐபிஏ, பத்து நிமிஷம்.

பொங்கலுக்குப் போனப்ப வேணும்னே ராத்திரியே கெளம்பினேன். மதுராந்தகம் தாண்டி முதல் லாரி வந்துச்சு, லைட்டு லைட்டாவே இருந்துச்சு, ரோடு ரோடாவே இருந்துச்சு. மாமா இந்த தடவை கார்ல இல்ல, சாட்சிக்கு ஆள் இல்லையேன்னு இருந்துச்சு.

ஆனா திரும்பி வர்ற அன்னிக்கு விடியக்காலைல நல்ல பனி, கார எடுத்ததும் உள்பக்கம் கண்ணாடி ஆவி பிடிச்சுது. பின் சீட்டுல இருந்து பையன் "அப்பா, மீன்!"னு கத்தறான். இடது பக்கம் கீழ் மூலைல, கண்ணாடியும் டாஷ்போர்டும் சேர்ற அந்த இடுக்குல, மீனோட வால் மட்டும் அப்படியே தெரியுது. அந்த மூலைக்கு என் கை போகவே போகாது, ஸ்கேல்ல துணிய சுத்தி விட்டுப் பாக்கணும்.